சுழற்காற்றுக்கு முன் சில நிமிடங்கள்

வங்க விரிகுடாவில் உருவாகும் புயல் எத்திசையில் நகர்கிறது, எந்தக் கரையை எப்போது கடக்கும் என்பன இன்று நான்கைந்து நாட்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டுவிடுகின்றன. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே மாநிலக் கரையைக் கடந்த பைலின் புயலில் உயிரிழப்பு ஐம்பதுக்குள் அடங்கிற்று. முன்னறிவிப்பும், இலட்சக்கணக்கான மக்களை உரிய நேரத்தில் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தியதும் இந்த வேறுபாட்டிற்குக் காரணங்களாகும்.

ஆனால் அதே கிழக்கிந்திய மாநிலங்களில், கோடைத் தொடக்கத்தில், நாட்கணக்கில் அவகாசம் தராத வேறொரு காற்றும் வீசுகிறது. கருமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கைபோல் இறங்கி, தரையைத் தொட்டு, சில நிமிடங்களில் ஓர் ஊரை வாரிச் சுருட்டிவிட்டு மறையும் இதனை உலகெங்கும் டோர்னடோ என்று அழைக்கின்றனர். தமிழில் புயல், சூறாவளி, சுழற்காற்று என்னும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கிவருவதால் குழப்பம் நேர்வதுண்டு. இங்கே சுழற்காற்று என்பது டோர்னடோவை மட்டுமே குறிக்கும். கடற்புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். சுழற்காற்றின் அகலமோ பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான். புயலுக்கு வாழ்நாள் பல நாட்கள். சுழற்காற்றுக்குப் பெரும்பாலும் சில நிமிடங்கள். இத்தகைய ஒன்றிற்கு ஊரைக் காலி செய்வது இயலாது. அந்த நேரத்தில் ஒருவர் உடலில் என்ன அணிந்திருக்கிறார், கைக்கு எட்டும் தூரத்தில் என்ன வைத்திருக்கிறார், எந்த மூலையில் ஒடுங்கியிருக்கிறார் என்பவை உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கின்றன.

மறக்கப்பட்ட பட்டியல்

டோர்னடோ என்றவுடன் அமெரிக்காவின் சமவெளிகளே நினைவுக்கு வருகின்றன. எண்ணிக்கையில் அந்நாடு முதலிடம் வகிப்பது உண்மையே. ஆயினும், உலகில் அறியப்பட்ட சுழற்காற்றுகளுள் மிக அதிகமான உயிர்களைக் குடித்தது, 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசியதாகும். அதில் மாண்டோர் சுமார் 1,300 பேர் என மதிப்பிடப்படுகிறது. 1996 மே 13 அன்று அதே நாட்டின் டாங்காயில் பகுதியில் மேலும் பல நூறு பேர் மாண்டனர்.

இந்தியப் பகுதியிலும் இவ்வரலாறு பழையது. 1838 ஏப்ரல் 8 அன்று கல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் வீசிய சுழற்காற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. 1978 மார்ச் 17 அன்று தலைநகர் தில்லியின் வடபகுதியில், பல்கலைக்கழக வட்டாரத்தை ஒட்டி ஒரு சுழற்காற்று சென்றது. 28 பேர் உயிரிழந்தனர். 1998 மார்ச் 24 அன்று மேற்கு வங்காளத்திற்கும் ஒடிசாவுக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். 2009 மார்ச் 31 அன்று ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் ராஜ்கனிகா வட்டாரம் சிதைந்தது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில், மைனாகுரி சுற்றுப்புறத்தில், சில நிமிடங்களே வீசிய கடுங்காற்று வீடுகளைப் பெயர்த்தெறிந்து உயிர்களைப் பறித்தது. நாளேடுகள் அதனைச் சிறு டோர்னடோ என்றே எழுதின. இத்தேதிகளில் பெரும்பாலானவை மார்ச் நடுப்பகுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையே விழுவதைக் காணலாம்.

வளைகுடா ஈரமும் பீடபூமி வெப்பமும்

அக்காலத்தில் வங்க விரிகுடாவிலிருந்து ஈரம் நிறைந்த வெப்பக் காற்று தரையை ஒட்டி உள்நாட்டுக்குள் புகுகிறது. அதற்கு மேலே, சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பக்கமிருந்து உலர்ந்த வெப்பக் காற்று வந்து ஒரு மூடிபோல் படிகிறது. பகலெல்லாம் வெயில் காயக் காயக் கீழேயுள்ள ஈரக்காற்று மேலெழ முயல்கிறது, மூடி தடுக்கிறது. பிற்பகலில் எங்கேனும் மூடி உடையும்போது, அடைபட்டிருந்த ஆற்றல் ஒரே மூச்சில் மேல்நோக்கிப் பாய்ந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்திற்கு இடிமேகங்களை எழுப்பிவிடுகிறது. வடமேற்கிலிருந்து நகர்ந்துவரும் இந்த இடிப்புயலையே வங்காளிகள் கால்பைசாகி என்கின்றனர். பைசாகம் என்பது தமிழரின் சித்திரை. அம்மாதத்தின் காலன் என்பது பெயரின் உட்பொருள்.

கால்பைசாகி வெறும் கேடு அன்று. சணலுக்கும் தேயிலைக்கும் அது தரும் மழை வேண்டியதாகும். கொதிக்கும் மாலைப்பொழுதைக் குளிர்விப்பதும் அதுவே. ஆண்டுதோறும் வீசும் பல கால்பைசாகிகளுள் மிகச் சிலவே சுழற்காற்றை ஈனுகின்றன. தரையருகே தெற்கிலிருந்தும், மிக உயரத்தில் மேற்கிலிருந்து பெருவேகத்துடனும் காற்று வீசும்போது, மேலெழும் காற்றுத் தூண் திருகப்பட்டுச் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சி குறுகித் தரையைத் தொட்டால் டோர்னடோ. எந்த மேகம் அவ்வாறு செய்யும் என்பதை முந்தின நாள் எவராலும் சொல்ல இயலாது.

அறிவிப்பு சொல்வதும் சொல்லாததும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, மாவட்டவாரியாக இடிப்புயல் எச்சரிக்கைகளை வண்ணங்களால் குறித்து வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும்; ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும்; சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். இதற்கு மேலாக, டாப்ளர் ரேடார்களின் துணைகொண்டு அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி முன்னறிவிப்பும் தரப்படுகிறது. கைப்பேசி வழியே செய்தி வருகிறது. மின்னலைப் பற்றி எச்சரிக்கப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது.

இவ்வறிவிப்புகள் கூறுவது இடி, மின்னல், ஆலங்கட்டி, பலத்த காற்று ஆகியவற்றைத்தான். சுழற்காற்று இன்ன ஊரைத் தொடப்போகிறது என்று அவை கூறுவதில்லை. சுழற்காற்றுக்கென்றே தனி எச்சரிக்கை முறையைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துள்ள அமெரிக்காவிலும்கூட, எச்சரிக்கைக்கும் காற்றின் வருகைக்கும் இடையே கிடைக்கும் சராசரி அவகாசம் பதினைந்து நிமிடங்களுக்கு உட்பட்டதே. ஆகவே கிழக்கிந்தியக் குடும்பம் ஒன்று, பலத்த காற்றுடன் கூடிய இடிப்புயலுக்கான ஆரஞ்சு அல்லது சிவப்பு அறிவிப்பையே சுழற்காற்றுக்கான அறிவிப்பாகவும் கொள்வது அறிவுடைமை. மிஞ்சியதை வானம் சொல்லும். மேகத்தின் அடிப்பகுதி தாழ்ந்து சுழல்வது, தரையருகே புழுதியும் குப்பையும் வட்டமாக எழுவது, தொலைவில் இரயில் ஓடுவதுபோன்ற இடையறாத இரைச்சல் கேட்பது ஆகியவை கண்ணுக்கும் காதுக்கும் கிட்டும் இறுதி எச்சரிக்கைகள். இருட்டிய பின் மேகத்தைப் பார்க்க இயலாது. இரைச்சலை நம்பியே இருக்க வேண்டும்.

பறந்துவரும் பகை

சுழற்காற்று ஆளைத் தூக்கிச் செல்லும் என்ற அச்சமே மக்களிடம் மேலோங்கியுள்ளது. அது நடப்பதும் உண்டு. எனினும் காயங்களில் பெரும்பகுதி, காற்றில் பறந்துவரும் பொருள்களாலும் இடிந்துவிழும் சுவர் கூரைகளாலும் நேர்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குடையைப் பறிக்கும் காற்று, 240 கிலோமீட்டர் வேகத்தில் பதினாறு மடங்கு விசையுடன் மோதும். அப்போது செங்கல்லும் விறகும் எறிபடைகளாகிவிடுகின்றன. 1838ஆம் ஆண்டுக் கல்கத்தாச் சுழற்காற்றில் மூங்கில் ஒன்று கனத்த சுவரைத் துளைத்துச் சென்றதாக அக்காலக் குறிப்பு உள்ளது.

இதில் வளர்ச்சியோடு பிணைந்த ஒரு முரண்பாடு இருக்கிறது. வங்காளத்திலும் ஒடிசாவிலும் அஸ்ஸாமிலும் ஓலைக்கூரையை நீக்கித் தகரம் போடுவது குடும்பத்தின் உயர்வைக் காட்டும் செயல். தகரம் தீப்பிடிக்காது, ஆண்டுக்கு ஆண்டு வேய வேண்டியதில்லை. ஆனால் மரச்சட்டத்தில் வெறும் ஆணியால் அடிக்கப்பட்ட தகரம், கடுங்காற்றில் பிடுங்கப்பட்டுக் கத்திபோல் சுழன்று வருகிறது. ஓலை விழுந்தால் சிராய்ப்பு. தகரம் விழுந்தால் வெட்டு. உடையைப் பற்றி எண்ணும்போது இந்தத் தகரத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

காலும் தலையும்

முதலில் கால். இந்தியக் குடும்பங்களில் செருப்பு வாசற்படிக்கு வெளியே கிடக்கும். வீட்டினுள் அனைவரும் வெறுங்காலுடன் நடமாடுவர். நல்ல வழக்கம்தான். ஆனால் காற்று முதலில் அள்ளிச் செல்வது வாசலில் கிடக்கும் செருப்பையே. காற்று ஓய்ந்த பிறகு, தகரத் துண்டும் கண்ணாடிச் சில்லும் ஆணி நீட்டிய சட்டமும் நிறைந்த முற்றத்தில், இருளில், வெறுங்காலுடன் ஒருவர் நடக்க வேண்டியதாகிறது. பிழைத்தவர்கள் காயப்படுவது இப்படித்தான். வானம் கறுத்தவுடன் வீட்டிலுள்ளோர் அனைவரின் காலணிகளையும் உள்ளே எடுத்து, இயன்றவரை அணிந்துகொள்ளவும் வேண்டும். விரல்களை மூடும் கான்வாஸ் ஷூவோ பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூவோ சிறந்தது. ரப்பர் செருப்பை ஆணி எளிதில் துளைக்கும். ஓடும்போது கழன்றும் விழும். வேறில்லையெனில் அதையும் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ளலாம். ரப்பர் செருப்பு மின்னலைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை, அதில் உண்மையில்லை.

அடுத்தது தலை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சுழற்காற்றுகள் அலைக்கழித்த பின்னர், தலைக்காயமே பல சாவுகளுக்குக் காரணமாயிருந்ததைக் கண்ட மருத்துவ ஆய்வாளர்கள், வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு தலைக்கவசத்தை அணிந்துகொள்ளுமாறு பரிந்துரைத்தனர். இந்தியாவில் இதற்குத் தனிச் செலவே தேவையில்லை. மோட்டார் சைக்கிள் நுழையாத கிராமம் இன்று அரிது. சட்டப்படி அதனுடன் ஹெல்மெட்டும் இருக்க வேண்டும். ஆனால் அதுவும் பெரும்பாலும் வெளியே வண்டிக் கண்ணாடியில்தான் தொங்குகிறது. வண்டி முற்றத்தில் நிற்கட்டும். மார்ச் முதல் மே வரை ஹெல்மெட் மட்டும் வீட்டினுள் கட்டிலருகே இருக்க வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட்டால் பயனில்லை.

ஹெல்மெட் ஒன்றே, ஆட்கள் ஐவர் என்றால், பிள்ளைக்கே முதலிடம். அளவு பெரிதாயின் தலையில் துண்டைச் சுற்றி அதன்மேல் வைத்துக் கட்டலாம். மற்றவர்கள் தலையையும் கழுத்தையும் கனத்த விரிப்பால் மூடிக்கொள்ள வேண்டும். பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் காந்தா என்னும் விரிப்பு வங்காள வீடு ஒவ்வொன்றிலும் உண்டு. அதை நான்காக மடித்துத் தலைமேல் பிடித்தால் சிறு கற்களும் கண்ணாடிச் சில்லுகளும் நேரே தாக்குவதைத் தடுக்கலாம். தலையணையும் அவ்வாறே. வயலில் வெயிலுக்கு அணியும் ஓலைத் தொப்பி இதற்கு உதவாது. ஹெல்மெட் இருக்கிறது என்ற துணிவில் உறுதியற்ற வீட்டிலேயே தங்கிவிடுவதும் தவறு. நல்ல ஒதுங்கிடத்திற்குத் துணையாகுமேயன்றி ஹெல்மெட் அதற்கு மாற்றாகாது.

உடலுக்கு முழுக்கை வைத்த, முழுக்காலை மூடும், சற்றுக் கனத்த பருத்தி உடை ஏற்றது. தொங்கும் துணி எதிலேனும் சிக்கி இழுக்கும் என்பதால் சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். லுங்கியைவிடக் கால்சட்டையோ பைஜாமாவோ மேல். கண்ணாடி அணிபவர்கள் அதனை நூலால் தலைக்குப் பின்னே கட்டிக்கொள்வது நல்லது. அது தொலைந்தால் இடிபாட்டில் வழி காண இயலாது. கிழக்கு மாநில உழவர் தோளில் கிடக்கும் கம்சா என்னும் துண்டு, மூக்கையும் வாயையும் மூடப் பயன்படும். காற்றோடு வரும் புழுதி மூச்சுக்குழலில் ஏறி நோய் விளைவிப்பதுண்டு. அதே துண்டு பின்னர் காயக் கட்டாகவும் ஆகும்.

குளிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் வாடிய மாலையில் குளிரை யார் நினைப்பார்? ஆனால் இடிப்புயலுடன் வெப்பநிலை சட்டென்று இறங்கும். ஆலங்கட்டியும் மழையும் நனைக்கும். கூரையில்லாத இரவில் கைக்குழந்தையும் முதியோரும் நடுங்குவர். ஆளுக்கு ஓர் உலர்ந்த உடை, பாலிதீன் உறையில் கட்டப்பட்டதாக, மூட்டையில் இருத்தல் வேண்டும்.

மூட்டையில் என்ன?

மூட்டை சிறிதாக இருக்க வேண்டும். ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு, இரு கைகளாலும் பிள்ளைகளைப் பிடிக்க முடிகிற அளவே அதன் எல்லை. பிள்ளைகளின் பழைய பள்ளிப் பையே போதும்.

கிராம வீடுகளில் ஆவணங்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கும். காற்றில் அப்பெட்டியே பறந்து திறந்து தாள்கள் வயலெங்கும் சிதறும். நிலவுரிமைத் தாள், குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை தொலைந்தால், பின்னர் நிவாரணம் கோரும்போது ஒவ்வொரு மேசையாக அலைய நேரும். ஒடிசா அரசு மின்னல், சுழற்காற்று ஆகியவற்றை மாநில அளவிலான பேரிடர்களாக அறிவித்து நிவாரணத்திற்கு வழி செய்துள்ளது. எனினும், நிவாரணம் கோருபவர் தாம் யார் என்று காட்ட ஏதேனும் ஒரு தாளேனும் வேண்டுமல்லவா? மூலத் தாள்களை இரட்டைப் பாலிதீன் உறையிலிட்டு மூட்டையில் வைக்கவும், நகல்களை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைக்கவும் வேண்டும். 2015 முதல் இயங்கும் டிஜிலாக்கரில் சேமித்துவைத்தால் எந்த ஊரிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் ஒரு வாரத்திற்கு உரியவை, பெயர் தெரியும்படி அட்டையோடு இருக்க வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் ஒருநாளும் நிறுத்தக் கூடாதவர்கள். காயத்திற்குச் சுத்தமான துணி, பஞ்சு, கிருமிநாசினி, வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்; பெண்களுக்கு மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின். பின்னதைப் பெரும்பாலான பட்டியல்கள் விட்டுவிடுகின்றன.

உணவுக்குக் கிழக்கு மாநிலங்களில் கவலையில்லை. பொரியும் அவலும் வெல்லமும் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு, அடுப்பில்லாமல் உண்ணத்தக்கவை. குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டரேனும் வேண்டும். குழாய்க் கிணறு தப்பினாலும் மின்மோட்டார் ஓடாது. டார்ச் விளக்கும் மாற்று மின்கலங்களும், ஒரு சிறு டிரான்ஸிஸ்டர் வானொலியும் தேவை. கைப்பேசியை எச்சரிக்கை வந்தவுடனேயே மின்னேற்றம் செய்துவிட வேண்டும்; எனினும் கோபுரம் சாய்ந்தால் அது வெறும் விளக்கே. அதனால் நெருங்கிய உறவினரின் எண்களைத் தாளில் எழுதி வைப்பதும், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வைப்பதும் அவசியம். கைப்பேசியால் பணம் செலுத்திப் பழகிவிட்ட கடைத்தெருவில் அன்று நோட்டுக்கே மதிப்பு.

விலை மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததுமான ஒரு பொருள் ஊதல். இடிபாட்டின் கீழ் சிக்கியவர் கத்திக் கத்திக் குரலிழந்து போவார். ஊதலோ மூச்சுள்ள வரை ஒலிக்கும். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் ஒன்று தொங்கட்டும். சிறு பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் பெயர், தந்தை தாய் பெயர், ஊர், கைப்பேசி எண் எழுதிய தாளைப் பாலிதீனில் வைத்துத் தைத்துவிட வேண்டும். 

மாங்காயும் மாடும்

எச்சரிக்கை வந்தும் மக்கள் வெளியே செல்வதற்குக் கிழக்கிந்தியக் கிராமங்களில் இரு காரணங்கள் உண்டு. முதலாவது மாங்காய். கால்பைசாகியில் உதிரும் பிஞ்சுகளைப் பொறுக்கத் தோப்புக்கு ஓடுவது வங்காளப் பிள்ளைகளின் பழம்பெரும் மகிழ்ச்சி. மரத்தடியே மின்னல் தாக்கும் இடமாகும். முறியும் கிளைக்கும் அதுவே இடம். தேசியக் குற்றப் பதிவேட்டுக் கழகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். மாங்காய் மறுநாள் காலையிலும் தரையில் கிடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை.

இரண்டாவது மாடு. கட்டுத்தறியில் கட்டிய மாட்டை அவிழ்க்க ஒருவர் கடைசி நொடியில் ஓடுவார். அதைத் தடுக்க இயலாது. ஒரு பசு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய். ஆகவே அவிழ்ப்பதை முதல் அறிவிப்பு வந்தவுடனேயே செய்ய வேண்டும். அறிவிப்பு பொய்த்தால் மாட்டைத் தேடிப் பிடிக்கும் வேலை கூடுதல், அவ்வளவே.

எங்கே ஒதுங்குவது?

அமெரிக்க வீடுகளில் நிலவறை உண்டு. கங்கைச் சமவெளியின் ஈர மண்ணில் அதற்கு இடமில்லை. ஊரில் காங்கிரீட் கூரையுள்ள உறுதியான கட்டடம் எது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஒடிசாக் கரையில் கட்டப்பட்டுள்ள புயல் காப்பகங்கள் இதற்கும் உதவும். கட்டடத்தின் தரைத்தளத்தில், சன்னலுக்கு அப்பால், நடுவிலுள்ள சிறிய அறையே சிறந்தது; குளியலறையோ மாடிப்படியின் அடிப்பகுதியோ ஆகலாம். பெரிய மண்டபமும் நீண்ட கூரையும் ஆபத்தானவை. கனத்த மேசை அல்லது கட்டிலின் அடியில் முழங்காலிட்டுக் குனிந்து, தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவதற்காகச் சன்னல்களைத் திறந்துவைக்குமாறு ஒரு காலத்தில் அறிவுரை கூறப்பட்டது. அது கைவிடப்பட்டுவிட்டது, திறந்த சன்னல் காற்றை உள்ளே விட்டுக் கூரையைத் தூக்கவே செய்யும்.

உறுதியான கட்டடம் எட்டாத தொலைவிலிருந்தால், மண்சுவர் வீட்டிலோ பேருந்திலோ மரத்தடியிலோ பாலத்தடியிலோ நிற்பதைவிட, தாழ்ந்த பள்ளத்தில் தலையைக் கைகளால் மூடிக் குப்புறப் படுப்பது மேல். நீர் நிறையும் வாய்க்காலையும் மின்கம்பிக்குக் கீழுள்ள இடத்தையும் தவிர்க்க வேண்டும். படகிலிருப்போர் முதல் அறிவிப்பிலேயே கரையேறிவிட வேண்டும்.

காற்று கடந்த பின்

மின்சார மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். எரிவாயு உருளை கவிழ்ந்து கசிந்திருக்கக்கூடும் என்பதால் தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கொளுத்தக் கூடாது, டார்ச் மட்டுமே. அறுந்து கிடக்கும் கம்பி எதையும் மின்சாரம் உள்ளதாகவே கருத வேண்டும். பாதி நிற்கும் சுவர் அடுத்த மழையில் விழும். இடி கடைசியாகக் கேட்டு முப்பது நிமிடங்கள் கழியும் வரை திறந்த வெளிக்கு வராதிருப்பது நலம். உதவிக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

சுழற்காற்றுக் காயங்கள் மற்ற காயங்களைப் போன்றவையல்ல. மண்ணும் சாணமும் மரத்தூளும் ஆழத்தில் புகுந்திருக்கும். மேலே சிறிதாகத் தோன்றும் வெட்டும் உள்ளே சீழ்ப்பிடிக்கும். நிறைய சுத்தமான நீரால் கழுவி, மூடித் தைக்க அவசரப்படாமல், மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, வேறு ஆபத்து இல்லாதவரை, பலர் சேர்ந்து இழுத்துத் தூக்கக் கூடாது.

இடிபாட்டை அகற்றுமுன் சேதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துவைத்தால் கணக்கெடுக்க வரும் அலுவலர்க்கு அது சான்றாகும். பிறகு, சிதறிய தகரங்களைப் பொறுக்கி மீண்டும் கூரை போடும் வேலை தொடங்கும். பெரும்பாலும் அதே ஆணிகளை நிமிர்த்தி அதே சட்டத்தில் அடித்துவிடுகின்றனர். கொக்கி போல்ட்டும் வாஷரும் கொண்டு தகரத்தைச் சட்டத்துடன் முறுக்கி, சட்டத்தைக் கம்பியால் தூணுடனும் தூணை அடித்தளத்துடனும் பிணைத்தால், சுழற்காற்றின் நடுவில் அகப்பட்ட வீடு தப்பாவிட்டாலும், அதன் ஓரத்தில் நிற்கும் வீடுகளின் தகரம் பெயர்ந்து அண்டை வீட்டார் மேல் பாய்வது குறையும். ஒரு சிறு வீட்டிற்கு வேண்டிய போல்ட்டுகளின் விலை, கூரைத் தகரத்தின் விலையில் ஒரு சிறு பகுதியே.